கடைசி வரிசையில் ஒரு முகம்

அந்த நடிகரைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் ஒரு கதவுதான் வருகிறது. இரண்டு பக்கமும் ஆடும் கதவு. ஒரு பக்கம் சமையலறை: ஆவி, வசவு, தட்டுச் சத்தம், மலையாளம். மறுபக்கம் விருந்துக்கூடம்: குளிர், மெழுகுவர்த்தி, கரண்டி தட்டில் இடிக்காமல் சாப்பிடும் வெள்ளைக்காரர்கள். எண்பதுகளின் நடுவில், துபாயில் ஒரு ஹோட்டலில், அந்தக் கதவுக்கு முதுகு கொடுத்து நிற்பதுதான் என் டியூட்டி. யாருடைய கோப்பை காலியாகிறது என்று நான் பார்க்க வேண்டும். என்னை யாரும் பார்க்கக் கூடாது. இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது, அதற்குச் சீருடையும் தருகிறார்கள் என்பது அந்த வயதில் எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது.

குளிர்காலம் வந்தால் அந்தக் கூடத்தில் நாடகம் போடுவார்கள். இங்கிலாந்திலிருந்து ஒரு சிறு குழு வந்து சில வாரங்கள் தங்கும். கடைசித் தட்டை நாங்கள் எடுத்துக்கொண்டு போகும்போது மேடையில் விளக்கு எரியும். புருஷன் ஒரு கதவால் நுழைவான், பெண்டாட்டியின் சிநேகிதன் இன்னொரு கதவால் ஓடுவான், நடுவில் பாதிரியார் ஒருவர் கால்சட்டை இல்லாமல் மாட்டிக்கொள்வார். வயிறு நிறைந்தவர்கள் சிரிப்பதற்கென்றே செய்த நாடகம். நானும் சிரிப்பேன், உதட்டுக்கு உள்ளே, சீருடைக்குள்ளே.

அந்தக் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். நல்ல உயரம், தோளில் லேசான கூன். மூக்கு மட்டும் தனியாக முதலில் மேடைக்கு வந்து, இடம் பார்த்துவிட்டு, அப்புறம் ஆளைக் கூட்டிவரும். பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி வேஷம். அவர் வாயைத் திறந்தால் என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் கதவு தானாக ஆடும். அடுப்படியில் இருப்பவர்கள், "கிழவன் வந்நு," என்று சொல்லிவிட்டு அதற்கேற்ப ஐஸ்கிரீமை வெளியே எடுப்பார்கள். அவர் குரல்தான் அவர்களுக்குக் கடிகாரம்.

சில நாட்களில் எனக்கு ஒன்று உறைத்தது. அவர் என்னைப் பார்த்துத்தான் பேசுகிறார். எதிரே நடிகை நிற்கிறாள், கீழே அத்தனை மேஜைகள் இருக்கின்றன. அவர் கண்ணோ எல்லாத் தலைகளையும் தாண்டி வந்து, கதவோரம் நிற்கும் என் முகத்தில் உட்கார்ந்துகொள்கிறது. நான் குனிந்துகொண்டேன். ஏதாவது புகார் சொல்லிவிடுவாரோ? என் கழுத்துப்பட்டை கோணலாக இருக்கிறதோ?

மறுநாள் மத்தியானம் அவரே பின்வழியாக, நாங்கள் சாப்பிடும் இடத்துக்கு வந்துவிட்டார். எல்லோரும் சோற்றுக் கையோடு எழுந்து நின்றோம்.

"நேற்று ஏன் குனிந்துகொண்டாய், கண்ணு?" என்றார்.

அவர் பேசிய ஆங்கிலத்தை இங்கே என் தமிழில்தான் தர முடியும். அவர் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் கூப்பிடுவார், மேனேஜரைக்கூட. நாடகக்காரர்களின் வழக்கமாம். அதற்குத் தமிழில் 'கண்ணு' என்பதைத் தவிர வேறு சொல் எனக்குத் தோன்றவில்லை. மீசை வைத்த என்னை அத்தனை பேர் முன்னால் அப்படிக் கூப்பிட்டதும் மலையாளிச் சமையல்காரர் இருமி இருமிச் சிரித்தார்.

எந்த ஊர் மேடை ஏறினாலும் கடைசி வரிசையில் ஒரு முகத்தைப் பிடித்துக்கொள்வாராம். அந்த முகத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் நடுவில் இருக்கும் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த மாதிரிதான். இந்தக் கூடத்தில் கடைசி வரிசை நான்.

"நான் டியூட்டியில இருக்கேன் சார். நாடகம் பார்க்க வந்தவன் இல்லை."

"இருக்கட்டும். அந்தக் கூடத்தில் வாயில் எதையும் மெல்லாமல் நிற்பவன் நீ ஒருவன்தான்."

அன்றிலிருந்து நான் குனியவில்லை. அப்படித்தான் அவருக்கும் எனக்கும் பழக்கம்.

சாயங்காலத் தேநீரை அவர் அறைக்கு நான்தான் கொண்டுபோவேன். அவர் சொன்ன வாழ்க்கை துண்டு துண்டாகத்தான் வந்தது, நானும் அப்படியே சொல்கிறேன். மழை பெய்யும் கடற்கரை ஊர்கள். வாரத்துக்கு ஒரு நாடகம். ராத்திரி ஒன்றை நடித்துக்கொண்டே பகலில் அடுத்ததை மனப்பாடம் செய்ய வேண்டும். கொலைகாரன் பேச வேண்டியதைப் பாதிரியார் வேஷத்தில் பேசிவிட்டு மாட்டிக்கொண்டதும் உண்டு. வேலைக்காரன், பாதிரி, மாமனார், பிணம். பெரிய நாடகக் கம்பெனி ஒன்றில் ஈட்டி பிடித்து நின்றிருக்கிறார். ராஜாவுக்குக் காய்ச்சல் வந்த ஒரே ஒரு நாள் ராஜாவாக இருந்திருக்கிறார்.

"அன்னைக்கு கடைசி வரிசையில யாரு சார்?"

"பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்." தேநீரை உறிஞ்சினார். "ராஜாவாக நான் எப்படி இருந்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது."

சினிமாவுக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். போன இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான். குரல் பெரிது, கை பெரிது, முகம் பெரிது. தெருவில் நடப்பவனைக் காட்டச் சொன்னால் தேர் வருகிற மாதிரி வருகிறீர்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"சினிமாவில் கடைசி வரிசை கிடையாது, கண்ணு. கேமராக் கண்ணாடிதான் இருக்கிறது, மூக்குக்கு எதிரே. அதனிடம் என்னத்தைப் பேச?"

அந்த வருஷம் எண்ணெய் விலை இறங்கிக்கொண்டிருந்தது. சமையலறையில் இருந்த எங்களுக்கும் அது தெரியும், ஏனென்றால் மேஜைகள் காலியாகிக்கொண்டிருந்தன. கட்டுமான சைட்டுகளை மூடினார்கள். குடும்பத்தோடு வந்த வெள்ளைக்காரர்கள் குடும்பத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு தாங்களும் போனார்கள். இந்தக் குளிர்காலத்தோடு நாடகக் குழுவைக் கலைத்துவிடப் போவதாகப் பேச்சு. கலைத்தால் அவருக்குத் திரும்பிப் போக ஊர் உண்டு, ஊரில் வேலை கிடையாது. கடற்கரை ஊர்களின் நாடகக் கொட்டகைகளில் இப்போது சூதாட்டம் நடக்கிறது என்று சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மலைகளுக்கு அந்தப் பக்கம் இருக்கும் புஜைராவிலிருந்து ஒரு போன் வந்தது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கிலப் படம் எடுக்கிறார்கள். ஒரே காட்சியில் வரும் கம்பெனி அதிகாரிக்கு லண்டனிலிருந்து வர வேண்டிய நடிகர் நோயில் படுத்துவிட்டார். இங்கேயே ஒரு வெள்ளைக்கார நடிகர் இருக்கிறாராமே என்று கேள்விப்பட்டுக் கூப்பிடுகிறார்கள். அதே ஆட்கள் அடுத்து இங்கிலாந்தில் பெரிய படம் ஒன்று எடுக்கப் போகிறார்கள், அதில் ஒரு நீதிபதி வேஷம் இருக்கிறது. இந்த ஒரு காட்சி சரியாக வந்தால் நீதிபதி வேஷம் அவருக்கு.

அவர் செய்ய வேண்டியது இதுதான். அதிகாரி ஒரு மரமேடையில் ஏறி நிற்கிறார். சைட்டை மூடிவிட்டோம், எல்லோரையும் ஊருக்கு அனுப்பப் போகிறோம் என்று தொழிலாளர்களிடம் அறிவிக்கிறார். பக்கத்தில் ஒருவன் நின்று அதை இந்தியிலும் தமிழிலும் சொல்கிறான். அந்த ஒருவனுக்கு ஆள் வேண்டும் என்றதும், "என் கடைசி வரிசைக்கு மூன்று பாஷை தெரியும்," என்று இவர் சொல்லிவிட்டார். லீவு என்று கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மேனேஜர், கேட்டது வெள்ளைக்காரர் என்றதும் என் தோளில் கைபோட்டு வழியனுப்பினார்.

துபாயில் கராமா பக்கம் நாங்கள் தங்கிய அறையில், என் கட்டிலுக்கு மேல்கட்டிலில் ஒரு யாழ்ப்பாணத்துக்காரர் இருந்தார். கப்பல் அலுவலகமொன்றில் கிளார்க். செய்தி கேட்டதும் மேலே இருந்து தலையை மட்டும் தொங்கவிட்டார்.

"என்ன மச்சான், நடிகர் ஆகிட்டீரோ? கதாநாயகி ஆரெண்டு சொல்லும்."

"கதாநாயகி எல்லாம் இல்லைங்க. நான் மொழிபெயர்க்கிறவன்."

"அப்ப நடிப்பே இல்லையே. கிளார்க் வேலைதானே அது."

அந்தப் பேச்சைக் காதில் வைத்துக்கொண்டுதான் புஜைராவுக்கு வண்டி ஏறினேன்.

மலைகளுக்கு நடுவே வண்டி போயிற்று. அந்த மலைகளில் புல் கிடையாது, பூண்டு கிடையாது. யாரோ கோபத்தில் கசக்கி எறிந்த பழுப்புத்தாள் போலக் கிடக்கும். பின்சீட்டில் நடிகர் தம் மூன்று வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு தடவையும் டிரைவரின் ஸ்டியரிங் ஆடியது. பாகிஸ்தானிலிருந்து வந்த பட்டாணி டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு என் காதில் கேட்டார்: "பாய், சாப் யார் மேல கோபமா இருக்கார்? என் மேலயா?"

படம் எடுக்கும் இடம் ஒரு பொட்டல். ஒரு பக்கம் அடுக்கிவைத்த கன்டெய்னர்கள், எதிரே குழாய்க் குவியல், நடுவில் மேடை. காலையில் நடிகரின் முகத்தை மட்டும் எடுத்தார்கள். தொழிலாளர்களாக நிற்க வேண்டியவர்கள் பக்கத்துக் கேம்பிலிருந்து மத்தியானம்தான் வருவார்கள். ஆகவே அவர் எதிரே யாரும் இல்லை. குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளாடு நின்றது. அவர் கண் தேடிப் பார்த்துவிட்டு அந்த ஆட்டைப் பிடித்துக்கொண்டது.

டைரக்டர் வயதில் சின்னவர், தலையில் ஈரத்துண்டு. "கேமரா இங்கே இருக்கிறது, ஐயா. பம்பாயில் இல்லை," என்றார்.

நடிகர் குரலைக் குறைத்தார். குறைத்ததும் குரலில் இருந்த மனுஷனும் குறைந்துபோனார். அறிவிப்புப் பலகை பேசுகிற மாதிரி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சொல்லிப் பார்த்தார், கட்டிய கைக்குள்ளிருந்து தோள் நடித்தது. மறுபடி, மறுபடி. வெயில் ஏறியது. ஆடு சலித்துப்போய் நிழல் பார்த்து நகர்ந்தது. நகர்ந்த ஆட்டைத் தேடி அவர் கண் போக, "எங்கே பார்க்கிறீர்கள்?" என்று டைரக்டர் கத்தினார்.

சாப்பாட்டு வேளையில் டைரக்டர் வந்து மரியாதையாகத்தான் சொன்னார். இன்று வெளிச்சம் போவதற்குள் சரியாக வராவிட்டால் இந்தக் காட்சியையே வெட்டிவிடுகிறேன், சைட்டு மூடப்பட்டது என்று ஒரு போர்டைக் காட்டினால் கதைக்குப் போதும். நீதிபதியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததும் எல்லோருக்கும் கேட்டது.

நடிகர் கன்டெய்னர் நிழலில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். சாண்ட்விச்சைத் தொடவில்லை.

"ஹோட்டலில் நான் பேசுவது உனக்குக் கேட்கும், இல்லையா?"

"சமையலறை முழுக்கக் கேட்கும் சார்."

"அதுதான் என் வாழ்க்கையின் கோளாறே," என்றார். சிரித்தாரா, தெரியவில்லை. அந்த முகம் அவ்வளவு பெரிது, அதில் எது சிரிப்பு, எது அலுப்பு என்று கிட்டத்தில் இருந்து பார்த்தால் பிரித்துச் சொல்ல முடியாது.

மத்தியானத்துக்கு மேல் பஸ்கள் வந்தன. உடம்பு முழுக்க மூடும் நீலக் கவரால் உடுப்பு, மஞ்சள் ஹெல்மெட், கழுத்தில் துண்டு. பேச்சில் ராமநாதபுரம், புதுக்கோட்டை எல்லாம் கேட்டன. பட்டாணிகளும் இருந்தார்கள், தெலுங்குக்காரர்களும் இருந்தார்கள். கூட்டி வந்த ஃபோர்மேன் நம்மாள்தான். "ஜல்தி, ஜல்தி, லைன்ல நில்லு," என்று மேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன விஷயம்னு அவங்ககிட்ட சொல்லிட்டீங்களாண்ணே?" என்று கேட்டேன்.

"இவனுங்களுக்கு என்னத்தச் சொல்றது தம்பி? வான்னா வருவான், நில்லுன்னா நிப்பான். நீங்க உங்க வேலையப் பாருங்க."

வளைகுடாவில் அந்த நாட்களில் வாழ்ந்தவர்களுக்கு ஒன்றைச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனிகளில் கெட்ட செய்தி வந்தது இப்படித்தான். டியூட்டி முடிகிற நேரத்தில் எல்லோரையும் ஓரிடத்தில் நிறுத்துவார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் ஏறி நிற்பார். பக்கத்தில் நம்மாள் ஒருவன் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு நிற்பான். அவர் பேசுவார், இவன் சொல்லுவான். சில கம்பெனிகள் அதைப் படம்கூடப் பிடித்து வைத்துக்கொள்ளும். பக்கத்துக் கேம்பில் அந்த மாதம்தான் அப்படி ஒன்று நடந்து, பாதி ஆட்கள் விமானம் ஏறியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.

மேடையில் அவர் ஏறினார், நானும் ஏறினேன். ஒரு கேமரா எங்களைப் பார்த்தும் இன்னொன்று கூட்டத்தைப் பார்த்தும் நின்றன. சட்டையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன், உடை கொடுத்த பெண் அப்படித்தான் விடச் சொன்னாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "நண்பர்களே, இந்த வேலை இன்றோடு முடிகிறது." கன்டெய்னர்கள் அதிர்ந்தன. கேமராவுக்குப் பின்னால் டைரக்டர் நெற்றியைப் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரிந்தது.

நான் இந்தியில் சொன்னேன். பிறகு தமிழில்: "எல்லாரும் கேட்டுக்குங்க. இந்த சைட்டு வேலை இன்னையோட முடிஞ்சிருச்சு. கலாஸ்."

கலாஸ் என்பதை நானாகத்தான் சேர்த்தேன். எழுதிக் கொடுத்ததில் அது இல்லை. அந்த ஊரில் எது முடிந்தாலும் அந்த அரபுச் சொல்லைப் போட்டு மூடினால்தான் முடிந்த மாதிரி இருக்கும்.

அந்தச் சொல் முன் வரிசையிலிருந்து பின் வரிசைக்கு நடந்து போவதை நான் பார்த்தேன். போகப் போகப் பேச்சு அணைந்தது. கடைசி வரிசையில், குழாய்க் குவியலுக்கு முன்னால், உயரமாக ஒல்லியாக ஒருவர் நின்றிருந்தார். ஹெல்மெட்டை மெல்லக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. கண்ணில் நீர் நின்றது, அத்தனை தூரத்திலும் தெரிந்தது.

நடிகர் அவரைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அது தெரிந்தது. அந்தக் கண் ஒரு முகத்தில் போய் உட்காருவதை என்னைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? என்னைவிட்டுப் போன கண் அது. அந்த நொடியில் எனக்குச் சின்னதாக ஒரு பொறாமைகூட வந்தது, எதற்கு என்று தெரியவில்லை.

இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் வாயைத் திறந்தார். குரல் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வது போல. "கம்பெனி உங்கள் எல்லோரையும் ஊருக்கு அனுப்பி வைக்கும்." கையில்லை, தோளில்லை. அந்தப் பெரிய முகம் தன்னை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றது.

நான் அதையும் சொன்னேன். என் குரலும் தாழ்ந்துதான் வந்தது. "கம்பெனியே எல்லாரையும் ஊருக்கு அனுப்பி வச்சிருமாம்."

மூன்றாவது வாக்கியம் நீளமான நன்றி. அவர் அதைச் சொல்லவே இல்லை. மேடைக் கம்பியில் கையை வைத்துக்கொண்டு ஒரு தடவை தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

டைரக்டர் வெகுநேரம் கட் சொல்லவில்லை. சொன்னபோது தலைத்துண்டைக் கழற்றி மேலே எறிந்தார். கேமராக்காரர் நடிகரிடம் வந்து கை கொடுத்தார். நடிகர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் குனிந்த தலையோடு அசையாமல் நின்றது. பிறகு கடைசி வரிசை திரும்பி நடந்தது. தண்ணீர் டிரம் இருந்த பக்கம் போகவில்லை, பஸ்ஸைப் பார்த்துப் போனது. அதற்கப்புறம் எல்லாம் ஒரே சத்தம்.

"தம்பி, பாஸ்போர்ட்ட எங்க குடுப்பாக? விசா குடுத்த கஃபீல் கிட்டயா, ஆபீசுலயா?"

"நான் வந்து மூணு மாசங்கூட ஆகலையே சாமி... எந்த மூஞ்சியோட ஊருக்குப் போவேன்?"

"ஏய், பெட்டியக் கட்டுங்கடா! முதல் பிளேனு நமக்குத்தான்!"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேடையிலிருந்து குதித்தேன். "அண்ணே, நில்லுங்க! இது நிசமில்லை! சினிமா! நடிப்பு!"

"என்னப்பா சினிமா? நீதான இப்ப சொன்னே?"

"அவர் சொன்னதை நான் சொன்னேன்."

"அவரு சொன்னா நெசந்தான?"

"அவரும் நடிகர்ணே."

"கலாஸ்னு சொன்னியே!"

ஃபோர்மேன் ஓடிவந்து இந்தியில் நாலு வசவு விட்ட பிறகுதான் நம்பினார்கள். வசவு எப்போதும் நிஜம். சிலர் சிரித்தார்கள். மூன்று மாதம் ஆகாதவர் தரையில் உட்கார்ந்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார். அப்போது அந்த உயரமான ஒல்லி ஆள் பஸ் படியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார்.

"அப்ப போகலியா?"

"இல்லண்ணே. நடிப்புதான்."

"யாரு நடிப்பு? நீயா, அவரா?"

"ரெண்டு பேரும்."

கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வந்த நாள்லேருந்து லீவு கேட்டுக்கிட்டு இருக்கேன் தம்பி. இந்தா அந்தாங்கறானே தவிர விட மாட்டேங்கறான். இன்னைக்கு அந்த வெள்ளக்காரரு வாயத் தொறந்து சொல்லவும், அப்பாடான்னு இருந்துச்சு. குலசாமிக்கு நேந்துகூட முடிச்சுட்டேன்."

"அழுதீங்களேண்ணே?"

"நான் எங்க அழுதேன்?" துண்டால் முகத்தைத் துடைத்தார். "வெயிலு." மேடைப் பக்கம் கையைக் காட்டினார். "இன்னொரு தடவ சொல்லச் சொல்லேன். கேக்க நல்லாருந்துச்சு."

அவர் கேட்டது நடந்தது. வேறு பக்கத்திலிருந்து இன்னொன்று எடுத்துவைத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் மறுபடி எல்லோரையும் நிறுத்தினார். இப்போது எல்லோருக்கும் சங்கதி தெரியும். நடிகர் முதல் வாக்கியத்தைச் சொல்வதற்குள் ஒருவர் மாரில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் ஒப்பாரி எடுத்தார். ஒரு பட்டாணி மயங்கி விழுந்து, விழுந்த இடம் முள் என்று கண்டு எழுந்து, வேறு இடத்தில் விழுந்தார். டைரக்டர் இரண்டு கையையும் வீசி, "மாஃபி! மாஃபி!" என்று, 'இல்லை' என்பதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே அரபுச் சொல்லைக் கத்தினார். கடைசி வரிசையில் அந்த ஒருவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, பாட்டுக் கேட்பவர் போல நின்றிருந்தார்.

திரும்பும்போது மலைகளில் மஞ்சள் வெயில். நடிகர் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார். நீதிபதி வேஷம் அவருக்குத்தான் என்று டைரக்டர் வண்டிக் கதவைச் சாத்தும்போதே சொல்லியிருந்தார். அந்தச் சந்தோஷத்தை அவர் எந்தப் பையில் வைப்பது என்று தெரியாதவர் போல வந்தார்.

"அந்த மனிதர்," என்றார், "கடைசியில் நின்றவர். உன்னிடம் என்ன சொன்னார்?"

சொல்லலாமா என்று யோசித்தேனா? யோசித்ததாக நினைவில்லை. மொழிபெயர்க்க வந்தவன், மொழிபெயர்த்தேன். அவர்கள் நிஜம் என்று நம்பியதைச் சொன்னேன். அந்த மனிதர் லீவு கேட்டுக்கொண்டே இருந்ததையும், நேர்ந்துகொண்டதையும், கண்ணீரை வெயில் என்றதையும், இன்னொரு தடவை சொல்லச் சொன்னதையும் சொன்னேன்.

அவர் சிரித்தார். ஹோட்டல் சிரிப்பு. டிரைவரின் ஸ்டியரிங் ஆடியது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலைகளைப் பார்த்தார். வழியில் மசாஃபி என்ற ஊரில் பாதையோரக் கடையில் ஒரு முலாம்பழம் வாங்கினார். அதை மடியில் வைத்து உருட்டிக்கொண்டே வந்தார். துபாய் விளக்குகள் தெரிந்ததும் சின்னக் குரலில் கேட்டார்:

"அப்படியானால் நான் யாருக்காக வருத்தப்பட்டேன், கண்ணு?"

மூன்று மாதம் ஆகாதவருக்காக என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவரை இவர் பார்க்கவே இல்லை. சந்தோஷப்பட்டவரைப் பார்த்து இவர் வருந்தினார். அந்த வருத்தத்தைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தலைகுனிந்தார்கள். நான் நடுவில் நின்று எல்லோரிடமும் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னேன். எந்த இடத்தில் எது பொய்யானது? மறுநாள் அந்தப் பழத்தை அவர் சமையலறைக்குக் கொடுத்தனுப்பினார். எங்களில் யாருக்கும் அதை வெட்டத் தோன்றாமல் இரண்டு நாள் அலமாரியில் இருந்தது.

குளிர்காலம் முடிந்து குழு கலைந்தது, அவர் போனார். நீதிபதி ஆனார். அதற்குப் பிறகு கராமா வீடியோ கடையில் கிடைத்த ஆங்கிலக் கேசட்டுகளில் அவரை அடிக்கடி பார்த்தேன். டாக்டர், பாதிரி, பாங்கு மேனேஜர், சிறை அதிகாரி. எல்லாம் சில நிமிஷங்கள்தான். வருவார், தொப்பியைக் கையில் பிடித்துக்கொள்வார், யாரிடமாவது ஏதாவது கெட்ட செய்தியைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். மேல்கட்டில் யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது பழகிவிட்டது. மூக்கு திரையில் எட்டிப் பார்த்ததுமே சொல்வார்:

"உம்மட ஆள் வந்திட்டார். இனி ஆருக்கோ கெட்ட காலம்."

புஜைராவில் எடுத்த படம் வெகு நாள் கழித்துத்தான் கையில் கிடைத்தது. பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட். நிறமெல்லாம் கரைந்து ஒன்றோடொன்று கலந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமைக் காலை, அறையில் இருந்த அத்தனை பேரும் கட்டில்களில் கால் மடக்கி உட்கார்ந்து பார்த்தோம். காட்சி வந்தது. நான் பேசியதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இசை வைத்திருந்தார்கள். என் தோளும் பாதிக் காதும் இருந்தன.

"நல்ல காது," என்றார் யாழ்ப்பாணத்துக்காரர். "விருது குடுக்கலாம்."

திரை முழுக்க ஒரே முகம் வந்தது. கடைசி வரிசையின் முகம். அன்று மேடையிலிருந்து நான் பார்த்ததைவிட மிகக் கிட்டத்தில்.

"பாவம்யா, எப்படி அழுகுறான்," என்றார் எதிர்ப்பக்கக் கீழ்க்கட்டில் தஞ்சாவூர்க்காரர்.

"எங்க அழுறான்? வடிவாப் பாரும், அவன் சிரிக்கிறான் எல்லோ."

"சிரிக்கிறவன் கண்ணுல தண்ணி வருமாக்கும்?"

"உமக்கு லீவு கிடைச்சா வராதோ?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அங்கே இருந்தவன் நான்தான். "வெயிலுன்னு சொன்னாரு," என்றேன். அதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஏன், அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் நானும் ஒப்புக்கொள்ளவில்லை.

இன்னொரு தரம் போடச் சொன்னார்கள். ரீவைண்டை அழுத்தினேன். ரீவைண்டில் சத்தம் கிடையாது. திரையில் கோடுகள் ஓட, அந்த மனிதர் நெஞ்சிலிருந்த ஹெல்மெட்டை எடுத்து மெல்லத் தலையில் போட்டுக்கொண்டார். கூட்டம் நிமிர்ந்தது. நடிகர் சொன்னதையெல்லாம் திரும்ப வாய்க்குள் வாங்கிக்கொண்டு, மேடையிலிருந்து பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.